குத்துக்கல்லும் வலசையும்

"கூட யாரு வாரா?" என்ற கேள்வியை நம் ஊர்களில் இரண்டு வகையானவர்களிடம் தவறாமல் கேட்கிறார்கள். ஒருத்தி, வீட்டைவிட்டுக் கிளம்பும் பெண். இன்னொருவர், சக்கர நாற்காலியில் இருப்பவர். நான் இரண்டும் என்பதால் அந்தக் கேள்வி எனக்கு இரட்டிப்பாக வந்து சேரும். பக்கத்திலிருக்கும் தென்காசிக்கு என்றால் மெல்லிய குரலில் வரும். சென்னைக்கு என்றால் கொஞ்சம் உரக்க. சிங்கப்பூரில் நடக்கும் ஒரு தமிழ்க் கருத்தரங்குக்குத் தனியாகப் போகிறேன் என்று நான் சொன்னபோது, அது கேள்வியாக வரவில்லை. தீர்ப்பாகவே வந்தது.

கேட்டவர்கள் யாரும் கெட்டவர்கள் அல்லர். பெரும்பாலானவர்கள் என்மேல் பிரியம் உள்ளவர்கள். அதனால்தான் இதைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கிறது. 'துணை' என்ற சொல்லுக்குள் அன்பும் இருக்கிறது, காவலும் இருக்கிறது. ஒருவரின் துணை எந்த இடத்தில் அக்கறையாக இருந்து எந்த இடத்தில் நிபந்தனையாக மாறுகிறது? துணையில்லாமல் நகரவே முடியாதபடி ஓர் உலகத்தைக் கட்டிவைத்துவிட்டு, அந்தத் துணையை அன்பு என்று அழைப்பது நியாயமா? துணைக்கு வருகிறவள் யார், அவள் எதை விட்டுவிட்டு வருகிறாள்?

நான் பிறந்து வளர்ந்தது தென்காசியை ஒட்டிய குத்துக்கல்வலசையில். ஊருக்கு அந்தப் பெயர் வந்ததற்கு ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். அந்த ஆராய்ச்சிக்குள் நான் போகவில்லை. எனக்குப் பிடித்தது, அந்த இரண்டு சொற்களும் அருகருகே நிற்பதுதான். குத்துக்கல் நட்ட இடத்திலேயே நிற்பது. வலசை, இடம்விட்டு இடம் போவது. வேலை செய்யாமல் இருக்கும் பெண்ணைக் 'குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கா' என்று திட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். இரண்டு வயதில் எனக்கு இளம்பிள்ளைவாதம் வந்தபிறகு, எங்கள் வீட்டில் மட்டும் அந்த வசவு வழக்கொழிந்தது. 2014 மார்ச்சில் இந்தியா உள்ளிட்ட தென்கிழக்கு ஆசியப் பகுதிக்குப் போலியோ இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் சான்று அளித்தது. நோய் போய்விட்டது. அது வந்தவர்கள் இன்னும் பல ஆண்டுகள் இருப்போம்.

தமிழ் படித்தவள் என்பதால், பயணம் என்றதும் எனக்கு இலக்கணமும் சேர்ந்தே நினைவுக்கு வரும். தலைவன் பிரிந்து போவதைப் பற்றிச் சொல்லும் தொல்காப்பிய அகத்திணையியல், கடல்வழிச் செலவு பெண்ணோடு கூடியதாக அமைவதில்லை என்று ஒரு நூற்பாவில் விலக்கிவிடுகிறது. போகிறவன் ஆண். முல்லைத்திணையின் உரிப்பொருளுக்குப் பெயரே 'இருத்தல்'. நெய்தலுக்கு 'இரங்கல்'. இருப்பதும் இரங்குவதும் அவளுக்கு. வீட்டைவிட்டு அவள் வெளியேறும் பயணம் உடன்போக்கு. அந்தப் பெயரிலேயே 'உடன்' இருக்கிறது. வகுப்பில் இதைச் சொல்லும்போது மாணவிகள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு, கல்விச் சுற்றுலாவுக்கு வீட்டில் அனுப்பமாட்டார்கள் என்று தனியாக வந்து சொல்வார்கள்.

தனியாகப் போன பெண்கள் மரபில் இல்லாமல் இல்லை. ஆனால் அவர்களைப் பற்றிய கதைகளைக் கவனியுங்கள். வழக்கிலுள்ள ஔவை கதையில் அவள் பிள்ளையாரிடம் கிழப்பருவத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டுதான் ஊர் ஊராகப் போகிறாள். காரைக்கால் அம்மையார் தசையை உதறிப் பேயுருவம் பெற்றபிறகே கயிலைக்குப் போகிறார். பெண்ணுக்கு உடம்பும் பயணமும் ஒருசேரக் கிடைப்பதில்லை போலும். ஆனாலும் அம்மையார் எனக்கு நெருக்கமானவர். அவர் கயிலைக்குக் காலால் போகவில்லை. கால் படக்கூடாத மண் என்று தலையால் நடந்து போனார் என்கிறது பெரியபுராணம். கோயில்களில் அறுபத்துமூவர் வரிசையைப் பாருங்கள். மற்றவர்கள் நிற்க, அமர்ந்திருப்பவர் அவர். நடப்பவர்கள்தான் பயணிகள் என்று யார் சொன்னது?

இனி என் அம்மாவைப் பற்றி.

நான் பள்ளிக்குப் போனது அம்மாவின் இடுப்பில். இடுப்புக்குக் கனத்தபிறகு முதுகில். பள்ளிக்கூட வாசலில் நான்கு படிகள். வகுப்பறைக்கு இன்னும் இரண்டு. காலையில் கொண்டுபோய் விட்டு, மதியம் வந்து ஒதுக்குப்புறமாகத் தூக்கிப்போய், சாயங்காலம் திரும்ப வந்து தூக்குவாள். பீடி சுற்றும் பெண்கள் நிறைந்த தெரு எங்களுடையது. அம்மாவும் சுற்றினாள். மற்றவர்கள் சுற்றுகிற அளவுக்கு அவளால் ஒருநாளும் சுற்ற முடிந்ததில்லை. அவள் நேரத்தைத் தின்றது நான் அல்ல, அந்த ஆறு படிகள்தாம் என்று புரிய எனக்குப் பல வருடங்கள் ஆயின. அன்று எல்லோரும் அதற்கு வைத்த பெயர் தாய்ப்பாசம். பாசம் இருந்தது, உண்மை. அந்த ஆறு படிகளுக்குப் பக்கத்தில் ஒரு சாய்தளம் கட்டாததற்கான செலவையும் அந்தப் பாசம்தான் கட்டிக்கொண்டிருந்தது.

சாய்தளம் இல்லாத இடத்திலெல்லாம் யாராவது ஒரு பெண் சாய்தளமாக ஆகியிருக்கிறாள். அம்மா, அக்கா, மனைவி, மருமகள், கூலிக்கு வந்தவள். இதை முதலில் பார்க்காமல் சக்கர நாற்காலியைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை.

குற்றாலத்தில் இதை இன்னும் தெளிவாகப் பார்க்கலாம். பேரருவியில் ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம். சாரல் அடிக்கும் ஆனி ஆடியில் அப்பாவும் மாமாவும் என்னைத் தூக்கி வருவார்கள். பெண்கள் பக்கத்தின் எல்லையோடு அவர்கள் வேலை முடிந்துவிடும். அதற்குமேல் அம்மாவும் அத்தையும்தான், வழுக்கும் பாறைத் தளத்தில், ஈரச் சேலையோடு, கூட்டத்தில் இடிபட்டுக்கொண்டு என்னைத் தூக்கிப் போக வேண்டும். ஆண்கள் தூக்கும்போது ஊரே பார்த்துப் பாராட்டும். தடுப்புக்கு அந்தப் பக்கம் நடப்பதை யாரும் பார்ப்பதில்லை.

அருவியில் நிற்கிறவர்கள் பிடித்துக்கொள்ள இரும்புக் கம்பிகள் போட்டிருக்கிறார்கள். கம்பியைப் பிடித்து நிற்கும் ஆயிரம் பேரில் யாரையும் நாம் 'பிறர் உதவியால் குளிப்பவர்' என்று சொல்வதில்லை. படிக்கட்டும் அப்படித்தான். சுவரில் ஏற முடியாத கால்களுக்காக யாரோ கட்டிக்கொடுத்த உதவி அது. பெரும்பாலானவர்களுக்கு வேண்டிய உதவி கல்லாகவும் இரும்பாகவும் முன்னாலேயே கட்டப்பட்டுவிடுகிறது. அதைப் பயன்படுத்துகிறவர்கள் சுதந்திரமானவர்கள் எனப்படுகிறார்கள். கட்டப்படாத உதவியை ஒவ்வொரு முறையும் வாய்விட்டுக் கேட்கவேண்டியவர்கள் சார்ந்திருப்பவர்கள் ஆகிறார்கள்.

படியே இல்லாத இடம் ஒன்று இருக்க முடியும் என்பதை நான் பார்த்தது எங்கள் பக்கத்து ஆய்க்குடியில். எஸ். ராமகிருஷ்ணன், பொறியியல் மாணவராக இருந்தபோது, 1975-ல் கடற்படை அதிகாரிகளுக்கான தேர்வில் விழுந்து கழுத்துக்குக் கீழ் செயலிழந்தவர். 1981-ல் சொந்த ஊரான ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். கல்லூரிக் காலத்தில் அந்த வளாகத்துக்குப் போனபோது, ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்கு நானாகவே உருண்டு போனேன். அம்மா ஒரு திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். என்ன செய்வதென்று தெரியாதவளாகக் கைகளை மடியில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்த அந்த ஒரு மணி நேரம்தான், வெளிநாடு போக வேண்டும் என்ற ஆசைக்கு எனக்கு விதை.

துணையைப் பற்றிய கேள்வி விமான நிலையத்தில் இன்னொரு வடிவம் எடுக்கிறது. அங்கே அது தொடுதலைப் பற்றியது. சக்கர நாற்காலிப் பயணிகளை விமான நிறுவனங்கள் எழுத்துக் குறியீடுகளால் பிரிக்கின்றன. படி ஏறக்கூடியவர் ஒரு குறி, ஏற முடியாதவர் ஒரு குறி, இருக்கைவரை கொண்டுபோகப்பட வேண்டியவர் ஒரு குறி. நான் மூன்றாவது. என் நாற்காலியை விமான வாசலில் வாங்கிச் சரக்குப் பகுதிக்கு அனுப்பிவிடுவார்கள். உள்ளே போவதற்கு, இருக்கை வரிசைகளுக்கு நடுவில் நுழையக்கூடிய ஒடுக்கமான நாற்காலி வரும். அதிலிருந்து இருக்கைக்கு நானே கையூன்றி மாறிக்கொள்வேன். நாற்காலியை அசையாமல் பிடித்தால் போதும். நம் நாட்டு விமான நிலையம் ஒன்றில் நான் இதைச் சொல்லி முடிக்கும் முன்பே இரண்டு ஆண்கள் என் அக்குளிலும் முழங்காலுக்கு அடியிலும் கைகொடுத்துத் தூக்கிவிட்டார்கள். "ஒண்ணும் பயப்படாதீங்கம்மா" என்றார் ஒருவர். பயம் இல்லை. என் சேலை எங்கே விலகியிருக்கிறது என்று பார்க்கக்கூட அவகாசம் இல்லை. இறக்கிவிட்டபிறகு நன்றி சொல்ல வேண்டியிருந்தது. வாக்கி டாக்கியில் "வீல்சேர் ஏத்தியாச்சு" என்று தகவல் போனது.

தெருவில் ஓர் அந்நிய ஆண் இப்படித் தொட்டிருந்தால் அதற்கு நம்மிடம் சொல் இருக்கிறது, சட்டமும் இருக்கிறது. உதவி என்ற பெயரில் தொட்டால் நன்றி மட்டும்தான் இருக்கிறது. கருணைக்கு அனுமதி தேவையில்லை என்று நாம் நம்புவதால் வரும் வினை இது. சக்கர நாற்காலிப் பயணியான விராலி மோடி 2017-ல் இதைப் பொதுவெளியில் பேசினார். ரயிலில் தன்னைத் தூக்கி ஏற்றியவர்கள் தகாதபடி தொட்டதைச் சொல்லி, ரயில்களையும் நிலையங்களையும் மாற்றக் கோரும் மனு இயக்கத்தைத் தொடங்கினார். தொட்டவர்களைத் தண்டிப்பதோடு நிற்காமல், தொடவேண்டிய தேவையையே நீக்கும்படி கேட்டார் என்பதுதான் அதில் எனக்கு முக்கியம்.

வேண்டாத உதவி ஒரு பக்கம், வெளியேற்றம் இன்னொரு பக்கம். பெருமூளை வாதம் உள்ள ஜீஜா கோஷ் 2012 பிப்ரவரியில் கொல்கத்தாவிலிருந்து கோவாவில் ஒரு மாநாட்டுக்குக் கிளம்பினார். இருக்கையில் அமர்ந்தபிறகு அவரை விமானத்திலிருந்து இறக்கிவிட்டார்கள். வழக்கு உச்சநீதிமன்றம்வரை போய், 2016 மே மாதம் பத்து லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கத் தீர்ப்பானது. தூக்கிய கைகளும் இறக்கிவிட்ட கைகளும் ஒரே எண்ணத்திலிருந்து வருகின்றன. இந்த உடம்பைப் பற்றி முடிவெடுக்க வேண்டியவர் அதற்குள் இருப்பவர் அல்ல என்ற எண்ணம்.

இந்த எண்ணம் எல்லோர்மீதும் ஒரே மாதிரி இறங்குவதில்லை. 2009-ல் முதுகில் அறுவை சிகிச்சை செய்துகொண்டபின் கலைஞர் கருணாநிதி சக்கர நாற்காலியில் இருந்தபடியே இந்த மாநிலத்தை ஆண்டார். தமிழ்நாட்டின் கோட்டை அவருக்கேற்ப நகர்ந்து கொடுத்தது. "கூட யாரு வாரா" என்று அவரிடம் கேட்கும் துணிவு யாருக்கு வரும்? நாற்காலி ஒன்றுதான். அதில் அமர்ந்திருப்பவர் யார் என்பதைப் பொறுத்துக் கதவின் அகலம் மாறுகிறது.

விமானப் பயணத்துக்கு முந்தைய நாளிலிருந்தே நான் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடுவேன். விமானக் கழிப்பறைக்குள் ஒடுக்கமான நாற்காலிகூடச் சரியாக நுழையாது. இதைச் சொன்னதும் உடல்நலம் கெடும் என்று பதறிய தோழிகளிடம், நீங்கள் எப்படி பஸ்ஸில் போகிறீர்கள் என்று கேட்டேன். தண்ணீர் குடிக்காமல் பயணம் போவது தமிழ்ப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகப் பழகியது. பள்ளியில் கழிப்பறை இல்லாத மாணவி, நெடுந்தூரப் பேருந்தில் போகும் ஆசிரியை, ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்ற பெண். 2018-ல் கேரளமும் 2021-ல் தமிழ்நாடும் கடைப் பெண்களுக்கு உட்கார இருக்கை தரச் சட்டம் திருத்தின. உட்கார உரிமை கேட்ட பெண்களும் உட்கார்ந்தபடி நகர உரிமை கேட்கும் பெண்களும் ஒரே வழக்கின் இரண்டு மனுதாரர்கள்.

சிங்கப்பூரில் எனக்கு மிகவும் பிடித்தது எந்தக் காட்சிப்பொருளும் அல்ல, ஒரு பேருந்து. ஓட்டுநரை அங்கே பஸ் கேப்டன் என்கிறார்கள். நிறுத்தத்தில் அவர் இறங்கி வந்து, பின் கதவருகே தரையோடு மடிந்திருந்த பலகையை விரித்துப் போட்டார். எங்கே இறங்கவேண்டும் என்று கேட்டார். நான் ஏறினேன். பலகையை மடித்துவிட்டுப் போய் வண்டியை எடுத்தார். ஒரு நிமிடமோ ஒன்றரை நிமிடமோ. என்னை யாரும் தொடவில்லை, பாராட்டவில்லை, என் கதையைக் கேட்கவில்லை. நாற்பது வயதைத் தாண்டி, முதன்முறையாக யாருக்கும் நன்றிக்கடன் படாமல் ஒரு பேருந்தில் ஏறியிருந்தேன்.

'வெளிநாடுன்னா அப்படித்தான்' என்று பெருமூச்சு விடுவதில் அர்த்தமில்லை. அந்த ஊரும் அப்படிப் பிறக்கவில்லை. 1987-ல் அங்கே எம்.ஆர்.டி. ரயில் ஓடத் தொடங்கியபோது நிலையங்கள் சக்கர நாற்காலியை மனதில் வைத்துக் கட்டப்படவில்லை. மின்தூக்கிகள் பிறகு சேர்க்கப்பட்டன. அமெரிக்காவில் 1990 மார்ச்சில் உடல் ஊனமுற்றவர்கள் நாற்காலிகளையும் ஊன்றுகோல்களையும் கீழே விட்டுவிட்டு நாடாளுமன்றக் கட்டடத்தின் படிகளில் தவழ்ந்து ஏறினார்கள். எட்டு வயதுச் சிறுமியும் அதில் ஏறினாள். அவர்களுக்கான உரிமைச் சட்டம் அந்த ஜூலையில் கையெழுத்தானது. சிங்கப்பூரிலும் தேக்கா பக்கத்துப் பழைய கடைவீடுகளின் ஐந்தடி நடைபாதையில், கடைக்குக் கடை உயரம் மாறும் படிகளில் நான் நின்றுபோனேன்.

நின்றுபோன இடத்தைவிட என்னை யோசிக்க வைத்தது, நான் தங்கியிருந்த அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் பார்த்த ஒரு பெண். ஒரு சீனப் பாட்டியின் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். புதுக்கோட்டைப் பக்கம். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அக்கா, உங்கள யாரும் தள்ளலையா?" என்றாள். இல்லை என்றேன். "நல்லதுக்கா. இந்தப் பாட்டிக்கு நான் காலு. ஊர்ல எம்பிள்ளைக்கு எங்கம்மா காலு" என்று சிரித்தாள். அங்கே வீட்டு வேலைப் பெண்களுக்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்பது 2013-ல்தான் விதியானது. அதையும் பணம் கொடுத்து ஈடுகட்டலாம் என்று இருந்தது. மாதத்தில் ஒரு நாளையாவது அப்படி விலைபேச முடியாது என்ற விதி வந்தது 2023-ல்.

பேருந்தில் எனக்குக் கிடைத்த மகிழ்ச்சியை அவளுடைய சிரிப்பு கொஞ்சம் திருத்தி எழுதியது. மின்தூக்கியும் சாய்தளமும் நிறைந்த நகரத்திலும் ஒரு முதுகு தேவைப்படுகிறது. அது இன்னும் ஏழ்மையான ஊரிலிருந்து, இன்னொரு தாயிடம் பிள்ளையை விட்டுவிட்டு வந்த பெண்ணின் முதுகாக இருக்கிறது. சாய்தளம் செய்யக்கூடியது ஓரளவுதான். குளிப்பாட்டவும் ஊட்டவும் மாற்றிப் படுக்கவைக்கவும் மனிதக் கைகள் வேண்டும். எனக்கும் ஒருநாள் வேண்டியிருக்கும். ஆகவே யார் தயவும் வேண்டாத 'சுயசார்பு' என் இலட்சியம் அல்ல. அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குச் சந்தேகம்தான். பின்னால் நின்று சமைப்பவளையும் துவைப்பவளையும் மறைத்துவிட்டுத்தான் பல ஆண்கள் சுயசார்புள்ளவர்களாக உலவுகிறார்கள்.

நான் கேட்பது வேறு. கல்லும் இரும்பும் சுமக்கக்கூடியதைப் பெண்ணின் முதுகில் ஏற்றாதீர்கள். கையால் மட்டுமே ஆகக்கூடிய வேலைக்குக் கூலியும் ஓய்வும் மரியாதையும் கொடுங்கள். இரண்டுக்கும் பிறகு மிஞ்சுவதுதான் துணை. மறுக்க முடிகிற உதவிதான் உதவி. வராமலிருக்கும் உரிமை உள்ளவள் வந்தால்தான் அது துணை.

இப்படிச் சொன்னால் அன்பை சிமெண்டால் மாற்றப் பார்க்கிறேன் என்பார்கள். எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். நான் தனியாகப் போகிறேன் என்றதும் அம்மா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "நான் வரலேன்னா ஒன்னய யாருட்டி தூக்குவா?" என்றாள். யாரும் தூக்க வேண்டியதில்லை என்று பேருந்தையும் ரயிலையும் விளக்கினேன். ஏதோ கணக்குப் போட்டவள் போல, "அப்போ நான் ஒருவாரம் சும்மாத்தான இருப்பேன்" என்றாள். நான் சிங்கப்பூரில் இருந்த வாரம், தெருப் பெண்கள் நான்கு பேரோடு திருச்செந்தூருக்குப் போய் இரண்டு இரவு தங்கிவிட்டு வந்திருக்கிறாள். என்னைப் பெற்றபிறகு அவள் எனக்காக அல்லாமல் போன முதல் பயணம் அது. போனில் என்னிடம் சாப்பிட்டாயா என்று கேட்டதைவிட அலையைப் பற்றிப் பேசியதுதான் அதிகம். எங்களுக்குள் அன்பு குறையவில்லை. பேச இரண்டு கதைகள் சேர்ந்தன. குத்துக்கல்லாக உட்கார்ந்திருந்தவர்கள் ஒரே வாரத்தில் இருவரும் வலசை போனோம்.

சட்டம் நம்மிடம் இருக்கிறது. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருக்கிறது. அணுகல் விதிகளை வெறும் பரிந்துரையாக விட்டுவைக்க முடியாது, கட்டாயமாக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்சநீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சென்னை மெரினாவில் 2022 நவம்பரில் 263 மீட்டர் நீளத்துக்கு மரப்பாதை போட்டார்கள். கடலை ஆயுள் முழுக்கத் தூரத்திலிருந்தே பார்த்தவர்கள் அலையருகே போனார்கள். இரண்டு வாரத்தில் மாண்டஸ் புயல் அதன் ஒரு பகுதியைச் சிதைத்தது. திரும்பவும் சரிசெய்தார்கள். அந்த மரப்பாதையில் நாற்காலிகளோடு கைவண்டியில் குழந்தையைத் தள்ளும் தாய்மார்களும் மூட்டுவலிப் பாட்டிகளும் போகிறார்கள்.

அரசிடம் கேட்கும் முன் நம்மிடமும் கேட்க வேண்டியிருக்கிறது. பெண்ணிய நூல் வெளியீடுகளுக்கும் கவிதை அரங்குகளுக்கும் எனக்கு அழைப்பு வருகிறது. 'அனைவரும் வருக' என்று அச்சிட்டிருக்கும். அரங்கு பெரும்பாலும் முதல் மாடியில். வாடகை குறைவு, காரணம் புரிகிறது. "வாங்க தோழர், நாங்க தூக்கிட்டுப் போயிருவோம்" என்கிறார்கள். அவர்கள் தூக்குவார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அன்பான கைகள்தான். ஆனால் மேலே போனபிறகு பாதியில் கிளம்ப வேண்டும் என்று எனக்குத் தோன்றினால், பேசுகிறவர்மீது கோபம் வந்து வெளியேற வேண்டும் என்று தோன்றினால், நான் யாரிடம் அனுமதி கேட்பது? வெளிநடப்பு செய்ய முடியாதவள் அந்தக் கூட்டத்தின் உறுப்பினரா, விருந்தாளியா?

அடுத்த கூட்டத்துக்கு இடம் பார்க்கப் போகும் தோழிகள், இருக்கை எத்தனை, வாடகை எவ்வளவு என்று கேட்டபிறகு, வாசலில் எத்தனை படி என்றும் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். கழிப்பறைக் கதவின் அகலத்தையும் அளந்துகொள்ளுங்கள். மாடிதான் கிடைக்கிறது என்றால் ஒரு மரத்தடியில் கூடுவோம். எங்கள் பக்கம் மரங்களுக்குப் பஞ்சமில்லை.